நேசபாய் ஒன்றும் எழுத மாட்டாள்

முப்பத்தோரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளி, சார்பதிவாளராக ஓய்வு பெற்ற பத்மகுமாருக்கு உலகத்தில் இரண்டே வகைக் காகிதங்கள்தான். போலி என்று கண்டுபிடிக்கப்பட்டவை, இன்னும் கண்டுபிடிக்கப்படாதவை. இந்தக் கண்ணோடுதான் அவர் இலக்கியத்துக்குள் நுழைந்தார்.

நாகர்கோவிலில் பழையாறு வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. மாவட்டத்தில் புதிதாகச் சிறுகதை எழுதுகிறவர்களில் பத்துப் பேரைப் பிடித்து வருடம் ஒரு தொகுப்பு போடுவார்கள். தொகுப்பாசிரியர் பத்மகுமார். கதை தேறுமா தேறாதா என்பதை அவர் ஒரு மத்தியானத்தில் முடிவு செய்துவிடுவார். கதைக்குக் கீழே வரும் ஆசிரியர் குறிப்புதான் அவருக்கு மாசக் கணக்கில் வேலை வைத்தது. சொத்து விற்க வந்தவனிடம் மூலப்பத்திரம் கேட்பதுபோல, கதை எழுதியவனிடம் அவன் வாழ்க்கையின் மூலப்பத்திரத்தைக் கேட்பார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. போன வருடத் தொகுப்பில், 'அலையின் மடியில் பிறந்து வலையின் கண்ணில் வளர்ந்தவன்' என்று தன்னைப் பற்றி எழுதியிருந்த ஒருவரை வெளியீட்டு விழா மேடையில் ஏற்றினார்கள். கூட்டத்தில் இருந்த நிஜமான மீன்பிடிக்காரர் ஒருவர் எழுந்து, "தம்பி, நீ எந்தக் காத்துக்கு வலை போடுவ?" என்று பணிவாகத்தான் கேட்டார். "நல்ல காத்துக்கு" என்றார் எழுத்தாளர். விசாரித்ததில் அவர் பல் டாக்டர். படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர்.

வட்டத்தின் தலைவர் வள்ளிநாயகம் மறுநாளே சொல்லிவிட்டார். "இன்னொருக்க இப்படி ஆச்சுன்னா தொகுப்பை வேற ஆளுகிட்ட குடுத்திருவேன், கேட்டீரா. எழுதுதவன் என்ன எழவையும் எழுதட்டும். ஆளு நெசமா இருக்கணும்வே."

பென்ஷனுக்குப் பிறகு பத்மகுமாருக்கு இருந்த ஒரே அதிகாரம் அந்தத் தொகுப்புதான். அதை விட்டால் வீட்டில் மின்சாரக் கட்டணம் கட்டும் பொறுப்பு மட்டுமே மிஞ்சும்.

எனவே இந்த வருடம் ஒன்பது பேரை நேரில் போய்ப் பார்த்தார். 'ரப்பர் மரத்தோடு தானும் சேர்ந்து கீறப்பட்டவன்' என்று எழுதியிருந்த பிரதீஷுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருந்தது. பால் வெட்ட ஆள் இருந்தது. கீறல் எங்கே என்று கேட்டதற்குச் சவரம் செய்தபோது பட்டதைக் காட்டினான். ஆரல்வாய்மொழியில் 'ராட்சதக் காற்றாடிகளுக்கு நடுவே தனிமையோடு போராடும்' லட்சுமிப்ரியா, காற்றாலைக் கம்பெனியின் குளிரூட்டிய அறையில் கணக்கராக இருந்தாள். அவளோடு அங்கே இன்னும் பதினோரு பேர் தனிமையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய குறிப்பையும் பத்மகுமார் சிவப்பு மையால் வெட்டினார். வெட்ட வெட்ட அவருக்கு உடம்பு தேறியது.

பத்தாவது ஆளிடம்தான் வெட்ட ஒன்றும் இல்லை. 'நேசபாய். புளியமூட்டுவிளை, கருங்கல் வழி.' குறிப்பு அவ்வளவுதான். கஷ்டம் இல்லை, போராட்டம் இல்லை, பசி இல்லை. புதிதாக எழுத வருகிறவர் ஒருவர் தன்னைப் பற்றி இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதாமல் இருப்பாரா? பத்மகுமார் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

கதை வேறு நன்றாக இருந்தது. அது இன்னும் சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. புருஷன் செத்த வீட்டில், அடக்க ஆராதனையில் வாசிப்பதற்காக அவனுடைய நற்குணங்களைச் சொல்லச் சொல்கிறார்கள். பெண்டாட்டி இரண்டு சொல்லிவிடுகிறாள். மூன்றாவது கிடைக்கவில்லை. பெட்டி வந்துவிட்டது, பாஸ்டர் வந்துவிட்டார், அவள் அடுப்படியில் உட்கார்ந்து முப்பது வருடத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். கதை அவ்வளவே. பத்மகுமார் அதை நான்கு தடவை படித்தார். மூன்று தடவை ஆராய்ச்சிக்காக. நான்காவது தடவை எதற்கென்று அவரே தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

இதை எழுதியது வள்ளிநாயகமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. தன்னைக் கவிழ்க்கப் பொம்பளைப் பேரில் ஒரு கதை அனுப்பி, அச்சான பிறகு மேடையில் உடைக்கப் போகிறார். காகிதத்தில் கொடுத்திருந்த எண்ணுக்குப் பத்மகுமார் பேசவில்லை. போனில் யாரும் யாராகவும் இருக்கலாம்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் தம்முடைய வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தக்கலையில் நிறுத்தி நெற்றித் திருநீற்றைக் கைக்குட்டையால் துடைத்தார். ஆள் யாரென்று தெரியக்கூடாது. புளியமூட்டுவிளை முக்கில் சர்ச்சுக்கு எதிரே ஒரு சாயாக்கடை. கடைக்காரர் ஜான்ரோஸ் கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சார் எங்கெருந்து?" என்றார்.

"நாகர்கோவில்."

"பேரு?"

"சுந்தர்சிங்" என்று அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பேர் ஒன்றைச் சொன்னார் பத்மகுமார். பொய்யைப் பிடிக்கப் போகிறவன் கையில் ஒரு பொய் இருப்பதில் தப்பில்லை என்பது அவர் கொள்கை. "இங்க நேசபாய்னு ஒருத்தங்க இருக்காங்களே. ஆளு எப்படி, குடும்பம் எப்படி?"

ஜான்ரோஸின் கை நின்றது. காரைப் பார்த்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, மோதிரம், பையில் பேனா. அந்தப் பக்கத்தில் ஒருவர் காரில் வந்திறங்கி, காரணம் சொல்லாமல், சாயாக்கடையில் ஒரு வீட்டைப் பற்றி விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார். நேசபாய் வீட்டில் இருபத்தாறு வயதில், நர்ஸ் வேலை பார்க்கும் பிரீனா இருந்தாள். ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும் இந்த விஷயம் முப்பத்தோரு வருடம் வில்லங்கம் பார்த்த பத்மகுமாருக்குத் தோன்றவில்லை.

"சார் இருக்கணும்" என்றார் ஜான்ரோஸ். பெஞ்சைத் துண்டால் துடைத்துவிட்டார். "சாருக்கு எத்தன மக்க?"

"ஒண்ணு."

"நல்லாப் படிச்சிருக்குமே."

"எம்.டெக். மஸ்கட்ல இருக்கு." மகளும் மருமகனும் அங்கே இருந்தார்கள். அதை விரித்துச் சொல்ல வேண்டிய அவசியத்தை அவர் காணவில்லை.

ஜான்ரோஸ் சூடான நேந்திரம்பழ பஜ்ஜி இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"நேசபாய் தங்கமான பொம்பள, சார். கெட்டினவரு செத்து பதினோரு வருசம் ஆச்சு. ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லேலாது. ரோட்டில தலை நிமிந்து நடக்கமாட்டா."

"அது சரி. இந்த எழுதுத பழக்கம்..."

"என்ன?"

"கதை, கட்டுரை அப்படி ஏதாவது எழுதுவாங்களா?"

ஜான்ரோஸின் முகம் வெளிறியது. "யாரு சொன்னது சாருகிட்ட?"

"கேள்விப்பட்டேன்."

"பொறாம புடிச்சவனுவ சொல்லுவானுவ. அவளா? மளிகைச் சிட்டகூட மவளக் கொண்டுதான் எழுத வைப்பா." எதிர்த்த தையல்கடையைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏட்டி ஷைஜா, இஞ்ச ஒருக்கா வா. நேசபாய் அக்காளப் பத்தி நாகர்கோவில்லயிருந்து *விசாரிச்சு* வந்திருக்காவ. அக்கா ஏதோ எழுதுவாளாம்லா."

ஷைஜா கழுத்தில் தொங்கிய இஞ்சுநாடாவோடு வந்தாள். வரும்போதே அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. "எழுதவா? அக்கா பைபிளத் தவிர ஒரு புஸ்தகம் தொடமாட்டாவ, சார். அதும் ஞாயித்துக்கிழம மட்டும்."

"பேனா பிடிச்சு நீங்க பாத்ததே இல்ல?"

"அவிய வீட்டில பேனாவே கெடையாது" என்றாள் ஷைஜா. ஜான்ரோஸ் லேசாக இருமினார். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

பேனா இல்லாத வீடு உண்டா என்று பத்மகுமார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. சந்தேகக்காரர்களிடம் உள்ள கோளாறே அதுதான். தம் சந்தேகத்துக்கு ஒத்து வருகிற பொய்யை மெல்லாமல் விழுங்கிவிடுவார்கள். இரண்டு சாட்சி, ஒரே வாக்குமூலம். பத்திரம் பதிய அது போதும். பஜ்ஜிக்குக் காசு கொடுக்கப் போனவரை ஜான்ரோஸ் கையைப் பிடித்துத் தடுத்தார். "அடுத்த தடவ குடும்பத்தோட வரும்போ பாத்துக்கிடலாம், சார்." மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து ஆட்கள் நல்ல மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்தபடி பத்மகுமார் காரைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளிநாயகத்துக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, உம்ம பத்தாவது ஆளை வெட்டியாச்சு."

"என் ஆளா? என்னவே உளறுதீரு?"

"நேசபாய். அப்படி ஒரு பொம்பள இருக்கா. ஆனா எழுத மாட்டா. ஊரே சாட்சி."

"அந்த மூணாவது நற்குணக் கதையா?" மறுமுனையில் வள்ளிநாயகம் பெருமூச்சு விட்டார். "புஸ்தகத்துக்கு இருந்த உசிரே அதாம்வே. மத்த ஒம்பதும் சவம்."

இது தூண்டில் என்ற எண்ணத்தைப் பத்மகுமார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சரி. பத்துப் பேருன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு" என்றார் வள்ளிநாயகம். "வெள்ளிக்கிழம அச்சுக்குப் போகணும். அதுக்குள்ள நெசமான ஆளு ஒண்ணைக் கொண்டாரும். இல்லன்னா, பத்மகுமாரு, நீரும் ஓய்வெடுக்கலாம்."

மூன்று நாள் அவர் வேறு கதை தேடினார். வந்து குவிந்திருந்த நாற்பது கதைகளையும் மறுபடி எடுத்தார். முதல் பத்தியில் மழை பெய்தது, கடைசிப் பத்தியில் யாரோ வானத்தைப் பார்த்தார்கள். எதைப் படித்தாலும் நடுவே அந்த அடுப்படி வந்து நின்றது. மூன்றாவது நற்குணம் என்னவாக இருக்கும் என்று சாப்பிடும்போது யோசித்தார். தம்முடைய மனைவியிடம் தம்மைப் பற்றிக் கேட்டால் எத்தனை தேறும் என்று ஒரு கணம் எண்ணி, உடனே மோர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. கருங்கல் பக்கத்து ஆட்டோ. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினார். சாயம் போகாத நல்ல சேலை, கையில் ஒரு துணிப்பை. கேட்டைத் திறந்து உள்ளே வந்து, வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பத்மகுமாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுந்தர்சிங் சார் இருக்காவளா?"

பத்மகுமார் பேப்பரை மடித்தார். "அப்படி யாரும்..."

"இல்லியா? அதத்தான் உங்க முக்கில தேய்ப்புக் கடைக்காரரும் சொன்னாரு." அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜான்ரோஸ் கார் நம்பர் எழுதி வச்சிருந்தான். ஆட்டோ ஷாஜன் அத வச்சு வீடு கண்டுபிடிச்சான். மாப்ள வீட்டுக்காரிய எங்கள விசாரிச்சா நாங்களும் விசாரிக்கணும் இல்லியா? நேத்து ஆள் விட்டோம். சுந்தர்சிங் இல்ல, பத்மகுமாருன்னு சொன்னாவ. ஒத்த மவதான், கெட்டிக் குடுத்தாச்சுன்னும் சொன்னாவ. பையனே இல்லாத வீட்டிலயிருந்து எனக்க மவள எதுக்கு சார் விசாரிச்சிய?"

"மகளையா? நான் எங்க மகளைக் கேட்டேன்?"

"பின்ன?"

அப்போதுதான் அந்த பஜ்ஜியின் விலை பத்மகுமாருக்கு விளங்கியது. எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்க நேசபாயா?"

"மூணு நாளா வீட்டில அடுப்புப் பத்தவைக்க நேரமில்ல. முன் சொவருக்கு வெள்ளையடிச்சோம். மவ ரெண்டு நாள் லீவு போட்டா." குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "சொல்லுங்க. இன்சூரன்ஸா, கோர்ட்டா, இல்ல யாராவது எழுதிப் போட்ட மொட்டக் கடுதாசியா?"

பத்மகுமார் உள்ளே போய்க் கதையை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். நேசபாய் அதைப் பார்த்தார்.

"இத மறந்தே போனேன்" என்றார். "கிறிஸ்மசுக்கு முந்தி அனுப்பினது."

"நீங்களா எழுதினது?"

"சார் என்ன நினைச்சிய?"

"உங்க ஊர்ல எழுத மாட்டீங்கன்னு சொன்னாங்களே. பேனாவே கிடையாதுன்னாங்க."

"ஷைஜாவா?" நேசபாய் முதல் தடவையாகச் சிரித்தார். "அவளுக்க அம்மை செத்தப்ப வாழ்க்கைக் குறிப்பு எழுதினதே நான்தான்."

விஷயம் பிறகு வந்தது. கருங்கல் சந்தைப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. அந்தச் சுற்று வட்டத்துச் சர்ச்சுகளில் யார் செத்தாலும் அடக்க ஆராதனையில் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க வேண்டும். பிறந்தது, படித்தது, ஊழியம், நற்குணம், விட்டுச் சென்றவர்கள் என்று ஒரு பக்கம். மகன்மார் அழுதுகொண்டே கடைக்கு வருவார்கள். ஒரு மணி நேரத்தில் வேண்டும். பதினெட்டு வருடத்தில் முந்நூறு பேருக்கு மேல் எழுதியாகிவிட்டது.

"செத்தவியளப் பத்தி வீட்டுக்காரிய எல்லாத்தையும் சொல்லுவாவ. அதில பாதிய வாசிக்க ஏலாது. மிச்சம் வந்தத எங்க கொண்டு போடுதது? அதான் இப்படி எழுதி வச்சேன்." கதையை விரலால் தொட்டார். "இந்தப் பொம்பள எனக்க முன்ன ரெண்டு மணிக்கூறு இருந்தா. மூணாவது கடைசி வரைக்கும் வரல்ல. நான்தான் 'பொறுமைசாலி'ன்னு போட்டு அனுப்பினேன்."

"குறிப்புல ஒரு வரிதான் எழுதியிருந்தீங்க."

"உயிரோட இருக்கவளுக்கு எதுக்கு சார் குறிப்பு?"

பத்மகுமாருக்கு அந்த ஒரு வரி இப்போது வேறு மாதிரி தெரிந்தது. "அப்ப ஊர் ஏன் மறைக்குது?"

"ஈஸ்டருக்குப் பொறவு மவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எல்லாம் பேசியாச்சு. அந்நேரம் பாத்து ஒரு பெரியவரு செத்தாரு. அவருக்க குறிப்பில, 'மனைவி இறந்த பிறகு அவரை மிகவும் நேசித்தார்'னு எழுதிப்போட்டேன். உள்ளததான் எழுதினேன். அவருக்க மருமவன் மாப்ள வீட்டுக்குச் சொந்தக்காரன். 'அம்மைக்காரி ஊர்க்காரியம் எழுதுதவ, நாளைக்கு நம்மளையும் எழுதிருவா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. அன்னையிலயிருந்து யாரு கேட்டாலும் நேசபாய் எழுதமாட்டான்னு சொல்லணும்னு ஊர் தீர்மானம். இந்தா, நீங்களே கேட்டியல்லா."

உள்ளேயிருந்து பத்மகுமாரின் மனைவி சாயா கொண்டு வந்து வைத்தார். வைத்துவிட்டு, புருஷன் எதற்காகவோ அகப்பட்டிருக்கிறார் என்பதை முகத்திலிருந்தே படித்துக்கொண்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"மன்னிக்கணும்" என்றார் பத்மகுமார். இதைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் யாருக்கோ சொல்வதுபோல வந்தது. "இந்தக் கதையை இன்னைக்கே அச்சுக்கு அனுப்புதேன். உங்க பேர்லயே."

"வேண்டாம்."

"ஏன்?"

"பேரும் ஊரும் போட்டு புஸ்தகம் வந்தா, அம்பது வீட்டுக்காரிய சொன்ன பொய் என்னாவது? அடுத்தாப்பில நெசமாவே ஒருத்தன் விசாரிக்க வருவான். கதையத் தாங்க, கொண்டு போறேன்."

அவர் கை நீட்டினார். பத்மகுமார் கொடுக்கவில்லை. நான்கு தாள்களையும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இந்தக் கதை போனால், வள்ளிநாயகம் 'சவம்' என்ற ஒன்பது கதையோடு நிற்க வேண்டும்; தொகுப்பும் போகும். ஆனால் கையை எடுக்காததற்கு அது மட்டும் காரணமில்லை என்பது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"வேற பேர்ல போடலாமா?" என்றார். சொன்னவர் தாம்தானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். நிலைப்படியில் மனைவி மட்டும் நின்றார்.

நேசபாய் யோசித்தார். "மவளுக்குக் கல்யாணம் ஆவது வரைக்கும்னா சரி. ஆனா குறிப்பு கேப்பாவல்லா."

பத்மகுமார் பேனாவை எடுத்தார். எத்தனையோ போலிப் பத்திரங்களைப் பிடித்தவர், வாழ்நாளில் முதன்முதலாக ஒன்றைத் தயாரிக்க உட்கார்ந்தார். 'தாணம்மாள். சுசீந்திரம். இளம் வயதில் விதவையாகி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்து...'

நேசபாய் தலையைச் சாய்த்துப் படித்தார். "சுசீந்திரத்தில ஏது சார் ரப்பர் தோட்டம்?"

அடித்தார்.

"தாணம்மாளும் வேண்டாம். உங்க ஆளுகளுக்க பேரு. யாரு மவ, எந்த வீடுன்னு நாலு தலைமுறைக்குத் தோண்டுவாவ. ராஜின்னு போடுங்க. ராஜி யாராயும் இருக்கலாம். ஊரு களியக்காவிளை. பார்டர்ல யாரு வந்தா, யாரு போனான்னு யாரு பாக்கா? வேலை, துணிக்கடையில பில் போடுதது. விதவையெல்லாம் வேண்டாம். பாவமா இருந்தா பாக்க வருவாவ."

அவர் சொல்லச் சொல்ல பத்மகுமார் எழுதினார். நான்கு வரி. ஒரு நாளும் சந்தேகம் வராத நான்கு வரி. போன வருடம் பல் டாக்டருக்கு இவர் கிடைத்திருந்தால் மேடையில் மானம் தப்பியிருக்கும்.

மேஜையில் போன் அடித்தது. வள்ளிநாயகம். பத்மகுமார் ஸ்பீக்கரில் போட்டார். நேசபாயும் கேட்கட்டும்.

"என்னவே, ஆளு கெடச்சாச்சா?"

"கெடச்சாச்சு, அண்ணாச்சி. அந்த மூணாவது நற்குணக் கதையை எழுதினது நேசபாய் இல்ல. ராஜின்னு ஒருத்தங்க. பேரை மாத்தி அனுப்பியிருக்காங்க. களியக்காவிளை."

"நேர்ல பாத்தீரா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கா ஆளு?"

பத்மகுமார் எதிரே பார்த்தார். "அம்பது வயசிருக்கும். நிதானமான ஆளு."

"தொழிலு?"

"துணிக்கடையில பில் போடுதாங்க."

வள்ளிநாயகம் கண்ணை இடுக்கிக்கொண்டிருப்பது போனிலேயே தெரிந்தது. "எந்தக் கடைவே?"

அதை அவர்கள் முடிவு செய்திருக்கவில்லை. பத்மகுமார் நேசபாயைப் பார்த்தார். நேசபாய் எச்சில் விரலால் மேஜைக் கண்ணாடியில் இரண்டு கதவு வரைந்து, இரண்டு கையையும் சேர்த்து மூடிக் காட்டினார்.

"அந்தக் கடையை இப்ப மூடிட்டாங்க, அண்ணாச்சி."

"மூடியாச்சா?" வள்ளிநாயகத்தின் குரல் குழைந்தது. "அப்ப வேலையும் போச்சு. அடடா. குறிப்பில அதைப் போடும்வே. வேலை போன துக்கத்தில எழுதின கதைன்னு போடும். எடுப்பா இருக்கும்."

நேசபாய் வேகமாகத் தலையாட்டினார். வேண்டாம்.

"அது வேண்டாமாம், அண்ணாச்சி" என்றார் பத்மகுமார். "அவங்களுக்கு இஷ்டமில்ல."

"இஷ்டமில்லையா?"

"கஷ்டத்தையெல்லாம் போடக்கூடாதுன்னு சொல்லுதாங்க."

ஸ்பீக்கரில் வள்ளிநாயகத்தின் வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"இருபது வருசமா நானும் பாக்கேன்வே. பட்ட கஷ்டத்தைப் போடாதேன்னு சொன்ன எழுத்தாளன் ஒருத்தனைக் கண்டதில்ல" என்றார் கடைசியில். "அப்ப ஆளு நெசந்தான். அச்சுக்கு அனுப்பிரும்."